நானூற்றுப் பதிமூன்றாவது நம்பர்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்புகிறவர்கள் படியுங்கள், நம்பாதவர்கள் வேறு வேலையைப் பாருங்கள். யாரோடும் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஒரு பழமொழியை எடுத்து நீட்டுவீர்கள், தெரியும். இங்கே இருட்டே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், 12:10லிருந்து 12:52 வரை. இடம், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் உரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி.

அங்கே மென்பொருள் எழுதுகிறவள் புவனேஸ்வரி. சொந்த ஊர் வேப்பந்தட்டை. ஆபீஸ் என்று பேர்தான் பெரிசு. முதலாளி ராசாங்கம், புவனேஸ்வரி, கலைச்செல்வன், மொத்தமே மூன்று பேர். அதிலும் கலைச்செல்வன் இறந்து அன்றோடு பதினாறு நாள். செந்துறைக்குப் பக்கத்தில் அவர் ஊரில் அன்றைக்குக் கருமாதி. ராசாங்கம் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புவனேஸ்வரியும் போக வேண்டியவள்தான். ஒரு மணிக்குள் வேலையை முடித்து அனுப்பியாக வேண்டும் என்று அவளை உட்கார வைத்துவிட்டார். இந்த முதலாளிமார்களுக்குச் சாவு நாளும் ஒன்றுதான், வேலை நாளும் ஒன்றுதான்.

வேலை இதுதான். அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். அங்கே வெடி வைப்பதற்கு அரை மணி முன்னால், சுற்றுவட்டாரத்தில் காட்டிலும் கொல்லையிலும் நிற்கிறவர்களின் போனுக்குத் தானாகவே ஓர் அழைப்பு போகும். 'வெடி வைக்கப் போறாங்க, தள்ளிப் போயிடுங்க' என்று ஒரு குரல் சொல்லும். திங்கட்கிழமை மத்தியானம்தான் முதல் தடவை. பட்டியலில் 412 நம்பர். ஒரு நம்பர் விட்டுப்போனால் அந்த ஆளுக்குச் செய்தி போகாது. கல் பறந்து வந்தால் உயிர் போகும். அதனால் சுரங்கத்துக்காரர்கள் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஓர் எழுத்து மாறினாலும் புவனேஸ்வரிக்கு வேலை போய்விடும்.

அந்த நம்பர்களை ஊர் ஊராக அலைந்து சேர்த்தவர் கலைச்செல்வன். கடைசியாகச் செந்துறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, வண்டி ஓட்டியபடியே கண் அசந்துவிட்டார். ரோட்டோரம் ஒரு லாரி நின்றிருக்கிறது. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் வேலையும் இவள் தலையில் விழுந்தது. பதினாறு நாளில் ஒருநாள்கூட அவள் முழுசாகத் தூங்கவில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் 'கிட்' என்று ஒன்று இருக்கிறது. கோப்புகளுக்குக் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டேட்டஸ்' என்று கேட்டால், கடைசியாக முத்திரை வைத்ததற்கு அப்புறம் எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் காட்டும். எது மாறியது என்று சொல்லும். யார் மாற்றினார்கள் என்று சொல்லாது. முத்திரை வைத்த பிறகுதான் அதில் பெயரே விழும்.

12:10க்கு ஸ்டேட்டஸ் கேட்டாள். மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. அப்பாடா என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அனுப்புவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை கேட்டாள். மணி 12:17.

சிவப்பில் ஒரு வரி.

பட்டியல் கோப்பு மாறியிருந்தது. திறந்து பார்த்தாள். 412க்குக் கீழே 413 என்று புதிதாக ஒரு நம்பர். அது 00 என்று முடிந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆடு மேய்க்கிற அம்மா' என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தது. பெயர் தெரியாதவர்களை அப்படி எழுதுவது கலைச்செல்வன் வழக்கம். டீக்கடை அண்ணன், பம்ப்செட் தாத்தா என்றெல்லாம் எழுதி வைப்பார், பிறகு இவள் திருத்துவாள். பழைய கோப்பில் கிடந்தது எதையோ அசதியில் நாம்தான் ஒட்டிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தாள். பழையபடி திருப்பினாள். வரி போய்விட்டது.

12:24. அனுப்பப் போகும்போது மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சிவப்பு.

அதே வரி. அதே அம்மா. ஆனால் நம்பரின் கடைசி இரண்டு எண் இப்போது 13.

வெளியிலிருந்து யாரோ விளையாடுகிறார்கள் என்று நெட் கேபிளைப் பிடுங்கினாள். வரியைத் திருப்பி அழித்தாள். கீழே துறையூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகு மாடி முழுக்க அமைதி. அந்த அமைதியில் ஒரு சத்தம்...

டக்.

கலைச்செல்வன் மேசையிலிருந்து வந்தது. அவருடைய கம்ப்யூட்டரை ராசாங்கம் எடுத்துப் போய்ப் பத்து நாளாகிறது. கீபோர்டு மட்டும் ஒயரைச் சுற்றியபடி அங்கேயே கிடந்தது.

டக்... டக்.

12:31. ஸ்டேட்டஸ்.

சிவப்பு. கடைசி இரண்டு எண் 27.

ஏறிக்கொண்டே போகிறது. அதை யாரோ எண்ணிக்கொண்டு வருகிறார்கள்.

உச்சி உருமத்தில், அதாவது நடு மத்தியானத்தில், ஒண்டியாக இருக்கக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அவள் எழுந்து ஓடியிருக்கலாம். ஓடத் தோன்றவில்லை. உங்களுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும், பயப்படக்கூட அவளுக்குத் தெம்பு மிச்சமில்லை. தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். தூக்கத்துக்காக அழுதாள். கருமாதிக்குப் போக முடியாமல் போனதற்காக அழுதாள். செத்த மனுஷனையும் விடாத இந்த வேலைக்காக அழுதாள்.

தலை நிமிர்ந்தபோது 12:43.

எண் 46.

12:45. எண் 46.

12:47. எண் 46.

நின்றுவிட்டது.

இப்போது அவள் முடிவெடுக்க வேண்டும். அழித்தால் கையெழுத்துப் போட்ட பட்டியல் அப்படியே போகும், வேலை தப்பும். ஆனால் 'ஆடு மேய்க்கிற அம்மா' என்று நிஜமாகவே ஒருத்தி அந்தச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தால்? 'போனால் வேலைதானே போகும், போகட்டும்' என்று முத்திரை வைக்கப் போனாள்.

முத்திரை வைக்கும்போது ஒரு குறிப்பு எழுத வேண்டும். என்ன மாற்றினோம் என்று எழுதுவதுதான் முறை. இந்த ஆபீஸில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைய கடைசி முத்திரையில் 'போயிட்டு வரேன்' என்று எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். கலைச்செல்வன் கொண்டுவந்தது. ராசாங்கம் எத்தனையோ தடவை திட்டியும் நிற்கவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் சாவு வீட்டிலும் அவள் வாய் தவறினாள். மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது, "போயிட்டு வரேண்ணா" என்று சொல்லிவிட்டாள். எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும். அதிலும் வருகிறேன் என்று சொல்லவே கூடாது. அவர் மனைவி பாக்யலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டு இவளையே பார்த்தாள்.

விரல் தன்பாட்டுக்கு 'போயிட்டு' என்று அடித்திருந்தது.

அழித்தாள். 'ஒரு நம்பர் சேர்த்தது' என்று எழுதினாள். பிறகு அந்தக் காலி மேசையைப் பார்த்து, வாழ்க்கையில் யாருக்கும் சொல்லியிராததைச் சொன்னாள்.

"போங்கண்ணா."

வாங்க என்று சேர்க்கவில்லை. அதைச் சேர்க்காமல் நிறுத்த அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம்...

12:52. ஸ்டேட்டஸ். மாற்றம் எதுவும் இல்லை.

கேபிளை மாட்டினாள். அனுப்பினாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வேப்பந்தட்டை பஸ்ஸில் போகும்போது, தெரியாத நம்பர்களிலிருந்து மூன்று அழைப்பு வந்தது. "மிஸ்டு கால் குடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை, ராங் நம்பர் என்று சொல்லிக் கட் பண்ணினாள். வீட்டுக்குப் போய் விழுந்தவள்தான், மறுநாள் காலை வரைக்கும் அசையவில்லை.

திங்கட்கிழமை 12:30க்கு எல்லோருக்கும் அழைப்பு போனது. ஒரு மணிக்கு வெடி. 413 அழைப்புகளும் எடுக்கப்பட்டன என்று அறிக்கை வந்தது. 412தானே என்று ராசாங்கம் கேட்கவில்லை. அவர் எதைத்தான் முழுசாகப் படித்திருக்கிறார்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்த நம்பருக்குப் பேசிவிடலாம் என்று தன் போனை எடுத்து அடித்தாள். பாதி அடிக்கும்போதே போன் மீதியைக் காட்டியது. ஏற்கெனவே பேசிய நம்பர் என்றது.

அழைப்புப் பட்டியலைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை 12:17க்கு அவள் போனிலிருந்து ஓர் அழைப்பு போயிருந்தது. 00 என்று முடிகிற நம்பர். அடுத்து 01. அடுத்து 02. மூன்று நொடி, ஐந்து நொடி, சிலது எடுக்கவே இல்லை. விடாமல் ஒவ்வொன்றாக நாற்பத்தேழு அழைப்பு. கடைசி அழைப்பு 12:41க்கு, 46 என்று முடிகிற நம்பருக்கு. அது மட்டும் இரண்டு நிமிடம். அந்த நேரம் முழுக்க அவள் போன் கலைச்செல்வன் மேசையில் சார்ஜில் கிடந்தது.

அந்த நம்பரைத் தொட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். ஒரு வயசான பொம்பளை.

"சொல்லு தம்பி. இன்னிக்காச்சும் சோறு தின்னியா?"

புவனேஸ்வரி தன் பெயரைச் சொன்னாள். அந்த அம்மா பெயர் அம்மாக்கண்ணு. செந்துறைப் பக்கம், சுரங்கத்தை ஒட்டி ஆடு மேய்க்கிறவர். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு தம்பி வந்து நம்பர் கேட்டதாம். கடைசி இரண்டு எண் அவருக்கு மறந்துபோய்விட்டதாம். பரவாயில்லைம்மா, எப்படியாவது கண்டுபிடிச்சுப் போடுறேன் என்று சொல்லிப் போனதாம். சொன்ன மாதிரியே ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிவிட்டதாம். திங்கட்கிழமை அழைப்பு வந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் எப்போதும் உட்காருகிற புங்கமரத்தடியில் ஆட்டுக்கல் பெரிசுக்கு ஒரு கல் வந்து விழுந்து கிடந்ததாம்.

அன்றைக்குப் போனில் அந்தத் தம்பி வேறு என்ன பேசினார் என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"ரொம்ப அசதியா பேசுச்சும்மா. சாப்புட்டியான்னு கேட்டேன், இன்னும் இல்லைம்மான்னுச்சு. பக்கத்துல யாரோ பொம்பளப் புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சு. யாரு தம்பின்னேன். கூட வேல பாக்குற புள்ள, தூங்கி ரொம்ப நாளாச்சு, அதான்னுச்சு. ஒண்டியா வுட்டுட்டுப் போயிராத தம்பின்னேன். இல்லம்மா, அது தல மேல கைய வச்சிக்கிட்டுத்தான் நிக்கிறேன்னுச்சு."