கவுன்சிலரின் மீசை வரைக்கும் தண்ணீர்

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி லூர்து காலனி எங்கே என்று ஆட்டோக்காரனைக் கேட்டால் தலையைச் சொறிவான். மாவு ஜெயசீலி ஊட்டுத் தெரு என்று சொல்லிப் பாருங்கள், பேசாமல் ஏறச் சொல்வான். இதில் எங்கள் கவுன்சிலர் வீரராகவனுக்குத் தீராத வருத்தம். தெருமுனையில் தன் பெயர் எழுதிய ஆர்ச்சை நிறுத்தி வைத்திருப்பவர் அவர். ஒரு பயலும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஜெயசீலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் காலையில் சாப்பாட்டுக் கூடையோடு போனால் கேட்டில் பூட்டு. கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டதாம். தைக்கிறவர்களிடம் சொல்ல மறந்துவிட்டார்களாம். மற்ற பெண்கள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார்கள். இவள் அங்கேயே கூடையைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். பி.எஃப். பணம் கைக்கு வந்ததும் ஓட்டலில் இருக்கிற மாதிரி ஒரு பெரிய கிரைண்டர் வாங்கிப் போட்டாள். அன்றிலிருந்து எங்கள் பக்கத்து அபார்ட்மெண்ட் ஐ.டி. ஜனங்களுக்கெல்லாம் இட்லி இவள் புண்ணியத்தில்தான். புதிதாக வந்த ஒரு பையன், இது ஆர்கானிக்கா என்று கேட்டான். அரிசியும் உளுந்தும் தம்பி, வேறெதுவும் போட எனக்குத் தெரியாது என்றாள். அவன் அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டு வாங்கிப்போனான்.

புருஷன் ஜோசப்ராஜ் அதே அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். தங்கமான மனுஷன். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து இவளே பேசிவிடுவதால் அவருக்கு வாய்க்கு வேலை கிடையாது.

நான் அவள் வீட்டுக்கு எதிரே, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். மழை வந்து ஊரே ஒப்பாரி வைக்கும்போது என் கடையில் மட்டும் தீபாவளி. அதனால் வெள்ளத்தைப் பற்றி நான் பேசினால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். ஆனால் இது கண்ணால் பார்த்தது.

ஜெயசீலிக்கு ஒரு வீம்பு உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பங்குக் கோயில் பிள்ளைகள் கிடாரும் தாத்தா வேஷமுமாக வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள் இல்லையா, அவர்கள் வரும்போது வீட்டுச் சுவர் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷம் சுவர் கறுத்துக் கிடந்ததைப் பார்த்து, ஆளில்லாத வீடு என்று பாட்டுக் கோஷ்டி தாண்டிப் போய்விட்டது. கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாளாம். அதிலிருந்து எது எப்படிப் போனாலும் டிசம்பரில் அவளே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறி வெள்ளையடித்துவிடுவாள். ஜோசப்ராஜ் கால் ஒடிந்து கிடந்த வருஷம்கூட நிற்கவில்லை. அவரைக் கட்டிலோடு நகர்த்தி வைத்துவிட்டு அடித்தாள்.

அந்தச் சுவர்மேல்தான் வீரராகவனுக்குக் கண். தெருவில் முதல் வீடு, பள்ளத்தில் இருக்கிற வீடு, மெயின் ரோட்டில் போகிறவனுக்குப் பளிச்சென்று தெரிகிற வீடு. மழைநீர் வடிகால் வேலை முடிந்ததும் ஜெயசீலி மார்க்கெட் போயிருந்த நேரம் பார்த்து, டிரில்லிங் மிஷினோடு ஆள் அனுப்பி நாலு கொக்கி அடித்து ஒரு பேனரைக் கட்டிவிட்டார். மேலே வரிசையாகத் தலைவர்கள். நடுவில், 'சொட்டு நீர் தேங்காத வார்டு தந்த மக்கள் தொண்டருக்கு நன்றி! இப்படிக்கு, பொதுமக்கள்'. பொதுமக்களுக்கு இந்த விஷயம் பேனரைப் படித்துத்தான் தெரியும். கீழே, தரையை ஒட்டி, தலைவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் ஈடாகாத அளவுக்கு வீரராகவனின் முகம். மீசையும் சிரிப்புமாக.

வடிகாலைக் கட்டியது அவர் மச்சான். அதுவும் நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் தலைகீழாக. புயல் மழையில் ஏரி நிரம்பியதும், தெருத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோக வேண்டிய வடிகால் ஏரித் தண்ணீரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. கழிவெண்ணெய் கலந்த கறுப்புத் தண்ணீர். இடுப்பு வரைக்கும் ஏறி நின்றது. நாங்கள் எல்லாரும் அபார்ட்மெண்ட் மாடிப்படியில் ஆளுக்கொரு படியாகக் குடித்தனம் நடத்தினோம். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தால் வீட்டுக்கு வீடு சுவரில் கறுப்புக் கயிறு கட்டியது போல ஒரு கோடு.

ஜெயசீலியின் கிரைண்டர் முழுகிவிட்டது. மோட்டாரைக் கழற்றி, சுவரிலிருந்து அந்தப் பேனரை அவிழ்த்து அதிலேயே சுற்றி ஜோசப்ராஜ் தலையில் ஏற்றி என் கடைக்கு அனுப்பினாள். பிரித்துப் பார்த்தேன், காயில் கருகிப் போயிருந்தது. அரசாங்கம் நிவாரணப் பணம் தரப் போவதாக அறிவித்திருந்த நேரம். அது வரட்டும் அண்ணாத்தே, கம்பி வாங்கிக் கட்டிடலாம் என்றாள். மோட்டார் மூலையில் உட்கார்ந்தது. எதிரே கிரைண்டர் சத்தம் இல்லாமல் எனக்கே வேலை ஓடவில்லை.

பணம் யாருக்கு என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது. தண்ணீர் புகுந்த தெருவுக்கு மட்டும்தான் டோக்கன் என்றார்கள். வீரராகவன் மாட்டிக்கொண்டார். தண்ணீர் வந்தது என்றால் மச்சான் கட்டிய வடிகால் சந்திக்கு வரும். வரவில்லை என்றால் ஓட்டுப் போடுகிறவன் சட்டையைப் பிடிப்பான். டி.வி.க்காரன் மைக்கை நீட்டியதும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் வந்தது உண்மை, ஆனால் தேங்கவில்லை, வார்டைப் பார்வையிட்டுவிட்டுப் போய்விட்டது என்றார். எதிர்க்கட்சி சம்பந்தம் சும்மா இருப்பாரா? கழுத்தளவு தண்ணீர், ஆளுங்கட்சி எங்களை மூழ்கடித்துவிட்டது என்று ஆவடி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஆபீஸ் போக முடியாமல் நின்றவர்கள் பாதிப்பேர் எங்கள் தெரு ஜனங்கள்தான். இவர்கள் இரண்டு பேரும் மனை வியாபாரத்தில் கூட்டாளிகள் என்பது ஊருக்கே தெரியும். காலையில் ஒருவரை ஒருவர் திருடன் என்பார்கள், சாயங்காலம் ஒரே காரில் போய் ஏரிப் புறம்போக்கை அளப்பார்கள்.

கடைசியில் தாலுகா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., ரேகா மேடம் நேரில் வந்து சுவரில் இருக்கிற கோட்டைப் பார்ப்பார், அதை வைத்து முடிவு என்று ஆனது. அவ்வளவுதான், தெருவில் கோட்டுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளையைக்கூட எவனும் அப்படிப் பொத்தி வளர்த்திருக்க மாட்டான். ஒருவர் பனி பட்டு அழிந்துவிடும் என்று கோட்டுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததற்காக மாமியாரைத் திட்டினாள் ஒரு மருமகள்.

இதற்கு நடுவில் ஜெயசீலி வெள்ளையடித்துவிட்டாள். உள்ளே, வெளியே, சமையல்கட்டு, கொக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து. தீபாவளிக்கே வாங்கிப் பரணில் போட்டிருந்த பெயிண்ட், நனையாமல் தப்பித்திருந்தது. டிசம்பர் வந்தது, கை தானாக பிரஷ்ஷை எடுத்தது. கோட்டின் ஞாபகமே அவளுக்கு இல்லை.

வீரராகவனுக்கு அது தெய்வம் கொடுத்த சுவர். வந்து அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பள்ளத்தில் இருக்கிற முதல் வீடே இப்படிப் பளபளவென்று இருக்கிறது, மேட்டு வீடுகளில் எப்படித் தண்ணீர் வந்திருக்கும், காசுக்கு ஆசைப்பட்டு அவர்களே கரியைப் பூசிக்கொண்டார்கள் என்று வாட்ஸப்பில் எழுதி ஊர் பூராவும் அனுப்பினார். மனசு கேட்காமல் தெருவில் ஆளுக்கொரு போர்வையும் கொடுத்தார். போர்வையிலும் அவர் முகம்.

தெரு ஜனங்கள் ஜெயசீலியைப் பிடித்துக்கொண்டார்கள். மாவு வாங்கித் தின்ற வாயெல்லாம் அவளைத் திட்டியது. உன் ஒரு சுவருக்காக எங்கள் எல்லார் பணமும் போச்சு என்றார்கள். நாலு வார்த்தைக்கு நாற்பது வார்த்தை திருப்பித் தருகிறவள் அன்றைக்குக் காலி மாவுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆர்.ஐ. வருவதற்கு முந்தின நாள் சம்பந்தம் கையில் பிரஷ்ஷும் கறுப்பு பெயிண்ட் டப்பாவுமாக வந்தார். நானே ஒரு கோடு போட்டுத் தருகிறேன் என்று தன் கழுத்தைத் தொட்டு உயரம் பார்த்தார்.

"அம்மாம் உசரம் தண்ணி வந்திருந்தா உனக்கு பதில் சொல்ல நான் உசுரோட கீறேனா?" என்றாள் ஜெயசீலி. "வந்தது இடுப்பு வரைக்கும். இல்லாத தண்ணிய நீ ஏத்தாத, வந்த தண்ணிய அந்தாளு எறக்க வேணாம். ரெண்டு பேரும் என் செவுத்த உட்டு எறங்குங்க."

சம்பந்தம் பெரிதாக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. பணம் வந்துவிட்டால் அவர் அடுத்து எதற்காக ரோட்டில் உட்காருவார்?

மறுநாள் காலை ஆர்.ஐ. ரேகா மேடம் வந்தார். வீரராகவன் கட்சித் துண்டோடு முன்னால் நடந்து நேராக ஜெயசீலி வீட்டுச் சுவரைக் காட்டினார். மேடம் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், வெள்ளைதான் ஒட்டியது. இங்கே எதுவும் இல்லையே என்றார். தெருவே ஜெயசீலியைப் பார்த்தது. ஜெயசீலி சுவரைப் பார்த்தாள். வெள்ளையடித்த கொக்கி நாலும் அவளைப் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"மனோகரண்ணே, மோட்டாரச் சுத்திக்கினு வந்தோமே, அந்த பேனர எடுத்துக்கினு வா."

எனக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். நானும் ஜோசப்ராஜும் பிடித்து அதே நாலு கொக்கியில் மாட்டினோம். மேலே தலைவர்கள் ஒருத்தர் மேலும் துளி ஈரம் படவில்லை, எப்போதும் போலப் பத்திரமாக இருந்தார்கள். கீழே வீரராகவன் மட்டும் மீசை வரைக்கும் கறுப்பில் முங்கிக் கிடந்தார். மீசைக்கு மேலே கண் இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தது. சொட்டு நீர் தேங்காத வார்டு என்ற எழுத்துக்கு ஒரு முழம் கீழே கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மட்டமாக ஓடியது.

வீரராகவன் முதலில் சிரித்துப் பார்த்தார். பிறகு, இது சம்பந்தம் ஆட்கள் பூசிய சேறு, என் முகத்தை அசிங்கப்படுத்துகிறார்கள் என்று கத்தினார்.

"பூசினதுன்னா போயிடும் நைனா," என்று ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள் ஜெயசீலி. "தொடச்சிப் பாரு."

மனுஷன் யோசிக்காமல் துண்டைச் செம்பில் முக்கிக் குந்தவைத்து உட்கார்ந்து தன் கன்னத்தைத் தானே தேய்க்க ஆரம்பித்தார். கன்னம், மோவாய், மீசை. எண்ணெய்க் கறை தண்ணீருக்கு அசையுமா? தேய்க்கத் தேய்க்கத் துண்டுதான் கறுத்தது, கோடு இருந்த இடத்தில் இருந்தது. தின்னர் போட்டால் போயிருக்கும். என் கடையில் ஒரு பாட்டில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தெருவில் இருந்த அத்தனை செல்போனும் மேலே வந்துவிட்டது.

ரேகா மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு டேப்பை வைத்துக் கோட்டின் உயரத்தை அளந்தார். பக்கத்து வீட்டுக் கோட்டையும் அளந்தார். சரியாக இருந்தது. தாசில்தார் வந்து பார்க்கும்வரை பேனரை யாரும் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேதான் ஜெயசீலிக்கு அடி. அன்றைக்குச் சாயங்காலம் பாட்டுக் கோஷ்டி வருகிற நாள். அத்தனை பாடுபட்டு அடித்த வெள்ளையை வீரராகவன் முகம் மூடிக்கொண்டு நின்றது. இருட்டின பிறகு அவரே ஆள் அனுப்பி, பேனரை அவிழ்த்துக் கொடுத்தால் கிரைண்டரே புதிதாக வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். தெருவுக்கே டோக்கன் வரணும், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டாள். பேனருக்கு மேலே ஸ்டார் விளக்கைக் கட்டினாள். கோஷ்டி வந்தது, தாண்டிப் போகவில்லை. தாத்தா வேஷக்காரன் கவுன்சிலர் மூக்கைத் தடவிவிட்டு ஆடினான். நேற்று வரைக்கும் அவளைத் திட்டிய ஜனமெல்லாம் வந்து நின்று கேக் தின்றது. வெட்கமில்லாத ஜனம். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

தாசில்தார் வந்து பார்த்தார், பேனர் இறங்கியது, டோக்கன் வந்தது. நான் காயில் கட்டிக் கொடுத்தேன், கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. தெரு முழுக்கப் புதுப் பேனர்கள் முளைத்தன. நிவாரணம் பெற்றுத் தந்த வீரராகவனுக்கு நன்றி என்று ஒன்று. போராடிப் பெற்றுத் தந்த சம்பந்தத்துக்கு நன்றி என்று இன்னொன்று. இரண்டுக்கும் கீழே அதே பொதுமக்கள்.

முதல் வீட்டுச் சுவரை விட வீரராகவனுக்கு மனசில்லை. இந்தத் தடவை டிரில்லிங் மிஷின் இல்லாமல் அவரே வந்தார். கும்பிட்டு, ஒரு சின்ன பேனர்தான், கட்டிக்கட்டுமா என்று கேட்டார். ஜெயசீலி மாவு அள்ளுவதை நிறுத்தவில்லை.

"கட்டிக்க நைனா. மூஞ்சிய மட்டும் கீழயே வெய்யி. அடுத்த மழைக்கு அளக்கணும்."

அவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். இப்போது அவர் பேனரெல்லாம் கரண்ட் கம்பத்தின் உச்சியில்தான் தொங்குகிறது.