முழங்காலில் இரண்டாவது ஓட்டை

பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். பீஸில் ஓட்டை இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். முதல் ஓட்டையோடு நிறுத்தாமல் முழு பீஸையும் பாருங்கள் என்று தினமும் கத்துவேன்.

ஆறு மாதம் முன்பு வாலிபால் ஆடும்போது முழங்கால் திருகிக்கொண்டது. டாக்டர் அழுத்திப் பார்த்து, லிகமெண்ட் கிழிந்திருக்கிறது என்றார். ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். அதுதான் குறை தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஸ்கேன் என்று சீட்டை மடித்து வைத்துவிட்டேன்.

போன வாரம் மாடிப்படியில் மடங்கிய கால் அப்படியே பூட்டிக்கொண்டது. நீட்டவே முடியவில்லை.

இன்று ஒருவழியாக ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"லிகமெண்ட்டோட மெனிஸ்கஸும் கிழிஞ்சிருக்குதுங்க. எலும்புக்கு நடுவுல மெத்தையாட்ட இருக்குமே, அது. ரெண்டும் சேந்து போறது சகஜந்தானுங்க. அப்பவே பாத்திருந்தா தெச்சிருக்கலாம். இப்ப நைஞ்சுபோச்சு, கொஞ்சம் வெட்டித்தான் எடுக்கோணுங்க."

லீவு சொல்லக் கம்பெனிக்குப் போனேன். செக்கிங் டேபிளில் என்னிடம் அதிகம் திட்டு வாங்குகிறவர் செல்வி, தூத்துக்குடிப் பக்கம். முழுக்கதையையும் கேட்டார்.

"ஏண்ணே, நீங்களும் மொத ஓட்டையோட நிப்பாட்டிட்டியளா?"

சிரிக்கக்கூட இல்லை. ஸ்கேன் கவரை வாங்கி, அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். கொஞ்சம் யோசித்து, பக்கத்திலேயே இன்னொன்றையும் ஒட்டிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஆபரேஷன். ஸ்கேன் சீட்டை மடித்துப் பையில் வைத்திருக்கும் நண்பர்கள் இங்கே சொல்லுங்கள். செல்வியிடம் ஸ்டிக்கர் நிறைய இருக்கிறது.