பூட்டிய வீட்டில் அடித்த மணி

2005 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் பிடித்து வைத்து, சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

அக்கா சிதம்பரத்தில் தனியாக இருந்தாள். ஏப்ரலில் அதே ஊருக்குள் வீடு மாறியபோது, தொலைபேசியையும் அதே எண்ணில் மாற்றித் தரும்படி மனு கொடுத்திருந்தாள். கருவியைக் கையோடு கொண்டுவந்து அலமாரியில் வைத்து, மேலே ஒரு துணியும் போட்டிருந்தாள். இணைப்புத் தரத்தான் யாரும் வரவில்லை. அவள் மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கரை சேர்ந்தால்தான் கூப்பிட முடியும். போன வாரம் அவன் கடிதம் வந்தது. பல முறை கூப்பிட்டும் மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லையாம். பதினைந்தாம் தேதி காலை சிங்கப்பூரிலிருந்து கூப்பிடுவானாம். அப்போதும் எடுக்காவிட்டால் வேலையை விட்டு இறங்கி வந்துவிடுவதாக எழுதியிருந்தான். வீடு மாறியதைச் சொல்லி அக்கா போட்ட கடிதம் எந்தத் துறைமுகத்தில் கிடந்ததோ.

அக்காவை அழைத்துக்கொண்டு தொலைபேசி அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி எங்களை உட்காரச் சொல்லி, மின்விசிறியை அக்கா பக்கம் திருப்பினார்.

"ஒங்க போன் புது வீட்டுல போட்டாச்சும்மா. கம்ப்யூட்டர்ல இருக்கு."

"கம்ப்யூட்டர் வந்து பாத்துட்டுப் போச்சா? நான் அடுப்படில இருந்திருப்பேன்," என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார்.

"மறுபடியும் மாத்தச் சொல்லி எழுதித் தர்றோம் சார்," என்றேன்.

"இருக்கிற எடத்துக்கே எப்டி சார் மாத்தறது? கம்ப்யூட்டர் வாங்காது."

"அப்ப ரிப்பேர்னு எழுதிக்குங்க."

"இங்கேருந்து அடிச்சுப் பாப்போம் சார். மணி போச்சுன்னா லைன் நல்லாருக்குன்னு கம்ப்ளெய்ன்ட முடிச்சிடுவாங்க."

எண்ணைச் சுழற்றி ரிசீவரை என்னிடம் கொடுத்தார். மணி ஒழுங்காகத்தான் அடித்தது.

"எங்க சார் அடிக்குது?"

அவர் ரிசீவரை வாங்கி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கேபிள் வரல சார். மாசக் கடைசியில பெண்டிங் காட்டினா மேலேருந்து கேள்வி மேல கேள்வி. முடிஞ்சிதுன்னு போட்டா ஒருத்தரும் கேக்கறதில்ல. பழைய வீட்டு வயர இன்னும் வெட்டியிருக்க மாட்டாங்க. அங்கதான் அடிக்குது."

பூட்டிய காலி வீட்டில், கருவிகூட இல்லாத ஒரு வயருக்கு என் அக்கா மகன் அத்தனை முறை கூப்பிட்டிருக்கிறான். பஸ்ஸில் வரும்போது கோபமாகச் சொல்ல நிறைய யோசித்து வைத்திருந்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணும் பெண்டிங் இல்ல சார். எல்லாம் முடிஞ்சிது சார்." எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி சொன்னார். பேசி முடித்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

"ஒக்காருங்க தம்பி," என்றாள் அக்கா.

நான் அக்காவை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பழைய வீடு வெள்ளையடிப்பதற்காகக் காலியாகவே கிடந்தது. வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு, அன்றிரவு அக்கா வீட்டிலேயே தங்கினேன்.

மறுநாள் காலை, காபிகூடப் போடாமல், முதல் வேலையாகக் கருவியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் பழைய வீட்டைத் திறந்தோம். சுவரோரம் தொங்கிய வயரில் பொருத்திக் காதில் வைத்தேன். டயல் டோன் வந்தது. அக்கா சுண்ணாம்பு வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, ரிசீவர்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்தாள்.