ஏழாவது ஆள்

எங்கள் கோல்ஃப் பயணத்துக்கு நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடக் கஷ்டம். முதலில் புரட்டாசி முடிய வேண்டும். கடற்கரைக்குப் போய் மீனும் நண்டும் தொடாமல் திரும்பி வர எங்கள் ஆண்களில் யாரும் தயாரில்லை. தீபாவளியும் நெருங்கிவிடக் கூடாது. பெண்கள் முறுக்கு சுட உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யாரையும் வீட்டைவிட்டுக் கிளப்ப முடியாது. கிழக்குக் கரையில் பருவமழை இறங்குவதற்குள் ஆட்டத்தையும் முடித்துவிட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சனி ஞாயிறு ஒளிந்திருக்கும். வருஷா வருஷம் அதைத் தேடிப் பிடிப்பது என் வேலை.

நாங்கள் நான்கு தம்பதிகள். என் கணவர், அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்த மூன்று பேர், அவர்களுடைய மனைவிமார். நடுவயதில் பிடித்த பைத்தியம் இந்த கோல்ஃப். நான் ஆடுவதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. பந்து போகும் தூரத்தைவிட மண் போகும் தூரம் அதிகம். ஆனால் ரிசார்ட்டுக்கு போன் போட்டு அறை, சாப்பாடு, ஆட்ட நேரம், திடலில் ஓட்டிப்போகும் பக்கி வண்டி எல்லாவற்றையும் பேசி முடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மாசியில் அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே. அதற்குப் பிறகு கிள்ளானில் என் வீட்டு கேட்டைத் தட்டியவர்கள் என்றால், தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவரும் பொட்டலம் கொண்டுவரும் பையன்களும்தான். மகள் மெல்பர்னில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, “என்னம்மா சமைச்சீங்க?” என்பாள். நான் வாய்க்கு வந்த குழம்பின் பெயரைச் சொல்வேன். பெரும்பாலும் ரொட்டிதான்.

அப்படி இருக்கும்போதுதான் சுபாங் ஜெயாவிலிருந்து தோழி கூப்பிட்டாள். அந்த மூன்று மனைவிமாரில் என்னோடு அதிகம் ஒட்டிக்கொண்டவள்.

“அக்கா, இந்த வருஷமும் டிரிப் போடலாம்னு இருக்கோம். டெசாரு பீச்சுக்கு. நீங்கதான் பாத்துத் தரணும் லா. எங்களுக்கு என்ன தெரியும்?”

“எத்தன பேரு?”

“ஏழு பேரு அக்கா.”

எட்டில் ஒருவர் போனால் ஏழு. வேறு எந்தக் கணக்கும் எனக்குத் தோன்றவில்லை. இவர்கள் என்னை விட்டுவிடவில்லை. “சரிம்மா, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ரிசார்ட்டில் எடுத்த எடுப்பில் ஒற்றை அறைக்கு இரட்டை அறையின் வாடகையே கேட்டார்கள். தனியாக வந்தால் அபராதமா என்று கேட்டு ஒரு பிடி பிடித்தேன். இறங்கி வந்தார்கள். இரட்டை அறை மூன்று, ஒற்றை அறை ஒன்று. லிஃப்ட் இல்லாத கட்டடமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒற்றை அறை இரண்டாம் மாடியில் கடலைப் பார்த்தபடி இருக்கட்டும் என்றேன். ஆட்டத்துக்கு நான்கு பேராக ஒரு குழு, மூன்று பேராக ஒன்று. பக்கியில் இரண்டிரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவர் மட்டும் தனியாக ஓட்ட வேண்டிவரும். அது நான்தான். எங்கள் பக்கியை எப்போதும் ஓட்டியது அவர். எனக்குப் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

யாருக்கும் சொல்லாமல் பயிற்சித் திடலுக்குப் போய் ஒரு கூடை பந்து அடித்தேன். இரண்டு நாள் தோள் வலித்தது. கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய், வழியில் கொறிக்க மிக்சர் வாங்கினேன். கடைக்காரப் பெண், “என்ன ஆன்டி, வீட்டுல விசேஷமா?” என்று கேட்டாள். ஊருக்குப் போகிறோம் என்றேன். போகிறேன் என்று சொல்லவில்லை, போகிறோம் என்றேன். அந்தச் சொல்லை வாயால் சொல்லி எத்தனை மாதமாயிற்று!

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் தோழி மறுபடி கூப்பிட்டாள்.

“அக்கா, அந்த ஒத்த ரூமு இருக்குல்ல, அத கீழ மாத்தித் தரச் சொல்றீங்களா? அண்ணனுக்கு முட்டி வலி. மாடி ஏற முடியாது.”

“எந்த அண்ணன்?”

“எங்க அண்ணன்தான் அக்கா, செலாயாங்ல இருக்காரே. அவரையும் சேத்துத்தான ஏழு பேரு.”

அவளே தொடர்ந்தாள்.

“நீங்களும் வந்தா நல்லாத்தான் இருக்கும் அக்கா. ஆனா இன்னும் வருஷம் திரும்பலையே. துக்கத்துல இருக்கிறவங்கள போயி ஆட்டத்துக்கு வாங்கன்னு எப்படிக் கூப்பிடுறது? உங்க மனசு என்ன பாடுபடும்? அதான் நாங்க வாயே தொறக்கல.”

“ஆமாம்மா. நான் எப்படி வருவேன்?” என்றேன். சிரித்தும் வைத்தேன்.

முறைப்படி அவள் சொன்னதில் தப்பே இல்லை. இந்த வருஷம் எனக்குத் தீபாவளி கிடையாது. கோயில் வாசலை மிதிக்கவில்லை. என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. எல்லாவற்றையும் நானே ஒழுங்காகக் கடைப்பிடித்தவள்தான். ஆனால் கோல்ஃப் திடல் என்ன கோயிலா, கல்யாண மண்டபமா? புல்லும் மணலும்தானே? அதை அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் உடனே சரி என்றிருப்பாள். ஆனால் கேட்டு வாங்கின இடத்தில் எனக்கு உட்காரத் தெரியாது. நான் அப்படித்தான்.

ரிசார்ட்டுக்குப் போன் போட்டு அறையைத் தரைத்தளத்துக்கு மாற்றினேன். போனை எடுத்த பெண் உடனே மாற்றிக் கொடுத்தாள். பிறகு, இரண்டாவது குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா, கட்டணம் ஒன்றும் பெரிதாக ஏறாது என்றாள். பாவம், வியாபாரம் அவளுக்கு. யாரும் இல்லை என்றேன்.

போனை வைத்த பிறகு எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். ஆனால் யாரைக் கோபிப்பது? அவர் போன அன்று என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இந்தத் தோழி. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அந்த மூன்று ஆண்களும் உண்டு. எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள். இவர்களோடு எந்த வாயால் சண்டை போடுவது? நான் கண்டபடி கத்தினாலும், கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “சரி, கெளம்பு” என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.