முத்துச்சிப்பிக்குள் ஒரு மஞ்சள் குழந்தை

பிறந்த குழந்தைகளைப் படம் எடுப்பது என் தொழில். அதற்கு முன்னால் பல வருடம் கல்யாண வீடுகளில் மேடைக்குக் கீழே குந்தியிருந்து முட்டியைத் தேய்த்தேன். இங்கே ஆள் சின்னது. “என் கண்ணு மூடிட்டு, இன்னொன்னு எடுங்க” என்று கேட்காது. கேட்பதெல்லாம் கூட வருகிறவர்கள்தான்.

தூத்துக்குடியில் என்னிடம் வருகிற பெரும்பாலோருக்குப் பிள்ளை முத்துச்சிப்பிக்குள் படுத்திருக்க வேண்டும். முத்து நகர் அல்லவா! கடலில் மூழ்கி முத்தெடுத்ததை அவர்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இருந்தாலும் தெர்மோகோலில் செய்து, உள்ளே மினுமினுப்புத் தாள் ஒட்டிய ஒரு சிப்பி என்னிடம் இருக்கிறது. அதற்குள் கிடக்கிற பிள்ளை முத்து மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இந்த ஊர்ப் பிள்ளைகள் முதல் வாரம் சிவப்பாக இருக்கும், தோல் உரியும், பிறகு மெதுவாகத் தாய் தகப்பன் நிறத்துக்கு வந்து சேரும். இதை நான் யாருக்கும் விளக்குவதில்லை. கம்ப்யூட்டரில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற கோட்டை இழுத்துப் பிள்ளையை வெளுக்க வைத்துக் கொடுத்துவிடுவேன். எல்லோரும் சந்தோஷமாகப் போவார்கள்.

அந்தக் குடும்பம் வந்தது பிள்ளை பிறந்த ஆறாம் நாள். பெண் குழந்தை. தகப்பன் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஏஜென்ட். தாய் விளாத்திகுளம் பக்கத்துப் பெண், நல்ல கறுப்பு, அதிகம் பேசாதவள். இவர்களை மேய்த்துக்கொண்டு வந்தவர் தகப்பனின் அக்கா. பியூட்டி பார்லர் வைத்திருப்பவர். நிறத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று உள்ளே நுழையும்போதே சொல்லிவிட்டார்.

“காலைல ஆஸ்பத்திரில செக்கப்புக்கு வரச் சொல்லிருந்தாங்க மேடம். நாளைக்குப் பாத்துக்கிடலாம்னுட்டேன். பத்து நாளைக்குள்ள எடுத்தாத்தான் நல்லாருக்கும்னு நீங்கதான போட்டிருந்தீங்க.”

போட்டிருந்தேன். விளம்பரத்தில், பெரிய எழுத்தில். ஆமாம் என்று தலையாட்டினேன்.

துணியில்லாத பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்று என் அறையில் ஹீட்டர் ஓடும். தூத்துக்குடி வெயிலில் ஹீட்டர் போடுகிற வீடு என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வடக்கு ஜன்னலில் வெள்ளைத் திரை போட்டு, பிள்ளையின் உச்சந்தலைப் பக்கமிருந்து வெளிச்சம் இறங்குகிற மாதிரி சிப்பியைத் திருப்பி வைத்தேன். தகப்பன் செல்போனை நீட்டினார். அதில் ஒரு வெளிநாட்டுப் பிள்ளை இரண்டு கைகளிலும் தாடையை ஊன்றி, தவளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

“ஆறு நாள் புள்ள தலையத் தாங்காது தம்பி. ஒரு படத்துல தலையைப் பிடிச்சிருப்பாங்க, இன்னொண்ணுல கையைப் பிடிச்சிருப்பாங்க. ரெண்டையும் ஒட்டிட்டு, பிடிச்ச கையை அழிச்சிருவாங்க” என்றேன்.

“அப்ப அது நெசமில்லையா?” என்று அவர் முகம் விழுந்துவிட்டது. தெர்மோகோல் சிப்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் கேட்டார்.

வழக்கமாக ஒரு பிள்ளைக்கு நாலு மணி நேரம் ஆகும். அழும், மூத்திரம் போகும், பால் குடிக்கும், மறுபடி அழும். இந்தப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. காலை மடக்கினால் மடங்கியது, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்தால் அங்கேயே இருந்தது. என் கைராசி என்று பீற்றிக்கொண்டேன்.

“காலைலருந்தே இப்படித்தான் தூங்குதாக்கா. பாலுக்குக்கூட முழிக்க மாட்டேங்கா” என்றாள் தாய், மெல்ல.

“ஏளா, தூங்குத புள்ளயக் கண்ணு வைக்காத” என்று அதட்டினார் பார்லர் அக்கா. பிறகு என்னிடம் திரும்பினார். “நிறத்தப் பாத்தீங்களா மேடம்? தங்கம்! எங்கம்மா இதே கலர்தான். நேத்துலருந்து அப்படியே ஏறிக்கிட்டு வருது. இவ கலர் வந்துருமோன்னு நான் பயந்துகிட்டு இருந்தேன்.”

‘இவ’ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் அப்போது பிள்ளையின் தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். பிள்ளை மஞ்சளாக இருந்தது. கேமராவில் என்னத்தையோ தப்பாக வைத்து எடுத்திருக்கிறேன் என்று நினைத்து, மஞ்சளைக் குறைத்தேன். பிள்ளை ரோஜா நிறத்துக்கு வந்தது. ஆனால் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணி நீலமாகிவிட்டது. திரும்ப ஏற்றினேன். துணி வெள்ளை, பிள்ளை மஞ்சள். துணி பொய் சொல்லாது. வெளிச்சமும் சரி, கேமராவும் சரி. அப்புறம் ஒரு படத்தில் பிள்ளை அரைக்கண் திறந்திருப்பதைப் பார்த்தேன். பெரிதாக்கினேன். வெள்ளை முழியும் மஞ்சள்.

என் தங்கை பிள்ளைக்குக் காமாலை வந்தபோது பார்த்த அதே கண். கூடவே, பாலுக்கு முழிக்காத பிள்ளை. என் கைராசியின் லட்சணம் அப்போதுதான் புரிந்தது.

உடனே போன் போட்டேன் என்று எழுதத்தான் ஆசை. போடவில்லை. பிள்ளைக்கு நோவு என்று போட்டோக்காரி சொன்னால் என்ன நினைப்பார்கள், பார்லருக்கு வருகிற பெண்களிடமெல்லாம் என்ன சொல்வார்கள் என்று ஒரு காபி குடிக்கிற நேரம் யோசித்தேன். பிறகுதான் தகப்பனைக் கூப்பிட்டேன். “அக்காட்ட குடுக்கேன்” என்றார்.

“உங்க கேமரால கோளாறுன்னா எங்க புள்ளயச் சொல்லாதீங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் பார்லர் அக்கா.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். நல்ல வேளை, கதவைத் திறந்தது தாய். போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். “இது துணி, வெள்ளை. இது பிள்ளை. மூக்கு நுனிய லேசா அமுத்தி விட்டுப் பாரும்மா” என்றேன். அவள் பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து அமுக்கி விட்டாள். விரல் பட்ட இடம் மஞ்சளாகத் தெரிந்தது. பிள்ளை சிணுங்கக்கூட இல்லை.

“ஆட்டோவக் கூப்பிடுங்கக்கா!” என்றாள். காலையிலிருந்து கேட்ட குரல் அது இல்லை. தெருவுக்கே கேட்டது. உள்ளேயிருந்து தகப்பனும் பார்லர் அக்காவும் ஓடி வந்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன்.

இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார். “காலைல செக்கப்புக்கு ஏன் வரல?”

தகப்பன் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பிள்ளையை நீல விளக்குக்குக் கீழே போட்டார்கள். கண்ணுக்குக் கட்டு, இடுப்பில் ஒரு துணி, கையும் காலும் போன பக்கம் போயிருந்தன. கண்ணாடி வழியாகப் பார்த்த பார்லர் அக்காவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

“டாக்டர், இந்த லைட்டுல கெடந்தா புள்ள கறுத்துராதா?”

“இந்த லைட்டுல போடலன்னா மூளையப் பாதிச்சிரும். எது பரவால்ல?” என்றார் டாக்டரம்மா.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மஞ்சள் இறங்கி, பிள்ளை தாயின் நிறத்தில் தெளிந்திருந்தது. வீடே இடிகிற மாதிரி அழுதது, பால் குடித்தது. சிப்பியே வேண்டாம், வேறு மாதிரி திரும்ப எடுத்துத் தருகிறேன் என்று போய்ச் சொன்னேன்.

“எதுக்கு மேடம்? அந்தத் தங்கக் கலர்லயே பெருசா போட்டுக் குடுங்க” என்றார் பார்லர் அக்கா. தகப்பன் வழக்கம்போலத் தலையாட்டினார்.

நான் தாயைப் பார்த்தேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். “அவங்க கேக்கத போட்டுக் குடுங்கக்கா. அது வேற யாரு புள்ளையோன்னு நெனச்சுக்கிடுதேன். எம்புள்ள இங்கன இருக்கா.”

போட்டுக் கொடுத்தேன். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. விளம்பரத்திலிருந்து அந்தப் பத்து நாள் வரியை எடுத்துவிட்டு, செக்கப் முடித்துவிட்டு வரவும் என்று போட்டதோடு என் வீரம் முடிந்தது.

படம் இப்போது பார்லரில், பேஷியல் செய்கிற நாற்காலிக்கு எதிரே தொங்குகிறது. சிப்பிக்குள் பிள்ளை மஞ்சளாக, அசையாமல் தூங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. போன வாரம்கூட ஒரு பெண் கூப்பிட்டார். மகளுக்கு அடுத்த மாதம் பிரசவமாம்.

“பார்லர்ல மாட்டிருக்கே, அந்தக் கலர் வேணும் மேடம். அதே கலர்.”

“அது கேமரால வந்த கலர் இல்லம்மா. அந்தப் புள்ளைக்கு அப்ப மஞ்சக்காமாலை” என்றேன்.

“அப்படியா... அது எந்த ஆஸ்பத்திரில பொறந்துச்சு? எம் மகளையும் அங்கயே சேத்துரலாம்.”

செக்கப் முடிச்சுட்டு வாங்க என்று சொல்லிப் போனை வைத்தேன்.