எனக்குப் போர்த்திய பொன்னாடை

தொண்ணூறுகளில் ஒருநாள், மலேசியாவில் அலோர் காஜா பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பாராட்டு விழா நடந்தது. தென்துருவக் கடல்நீரின் உப்பை ஆராய்கிறவன் நான்.

"நம்ம தோட்டத்துப் பிள்ள எழுதுன கட்டுரைய உலகம் முழுக்க மேற்கோள் காட்டுறாங்க லா!" என்று கோயில் தலைவர் மைக்கில் முழங்கினார். அந்த மேற்கோள்களில் பாதிக்கு மேல் என் கட்டுரையை நானே அடுத்த கட்டுரையில் காட்டிக்கொண்டவை. மிச்சம், கூட்டாளிகளிடம் சொல்லிவைத்துப் போடச் சொன்னவை.

முன்வரிசையில் என் சித்தி உட்கார்ந்திருந்தார். எடை கூட்ட ரப்பர் பாலில் தண்ணீர் ஊற்றியதற்காக, பால் நிறுக்கும் இடத்தில் எல்லார் முன்னாலும் கணக்கெழுதும் கிராணியிடம் ஒருமுறை வசை வாங்கியவர். நானும் தண்ணீர்தான் ஊற்றியிருந்தேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சித்திதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.