அரைப்படி உலை

கொள்ளு வேகிற வாடை இன்றும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மழைக்காலத்தில் கொள்ளு ரசம் குடித்தால் சளி இறங்கும் என்று என் மருமகள் அடுப்பில் ஏற்றுவாள். நான் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஏறக்குறைய நான்கு மாதம், உழவு மாடுகளுக்கென்று மூட்டையில் வைத்திருந்த கொள்ளைத்தான் எங்கள் வீட்டில் வேகவைத்துத் தின்றோம். வீட்டில் நெல் இல்லாமல் இல்லை. சாப்பாட்டுக்கென்று இருந்த நெல்லில் பாதியை நைனா, என் அப்பா, தினமும் ஊருக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியிலிருந்து நாலு மைல் தள்ளி இருந்தது. அறுபதுகளின் கடைசி, அந்தப் பக்கம் கம்பெனிகள் வராத காலம். மழையை நம்பி ஒரு போகம் நெல், மற்ற மாதங்களில் கட்டாந்தரை. ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் தேசம்மா என்கிற பெண் இறாலும் மடவை மீனும் கூடையில் சுமந்து வருவாள். அம்மா அதற்கு நெல் அளந்து போடுவாள். கூடையை இறக்கி வைத்ததும் தேசம்மா கேட்பது ஒரு சொம்பு நீராகாரம்தான். அதை நின்றபடியே குடித்துவிட்டு, "அக்கா ஊட்டு தண்ணி குட்ச்சாத்தான் திரும்பி நடக்க கால் வருது" என்று சிரிப்பாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பொய்த்தன. எங்களுக்கு அரை விளைச்சல்தான் கிடைத்தது. ஏரிக்காரர்களுக்கு அதைவிட மோசமான ஒன்று நடந்தது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிற முகத்துவாரத்தை மழைவெள்ளம்தான் அறுத்துக்கொண்டு போய்த் திறக்க வேண்டும். வெள்ளம் வராததால் மணல் மேடிட்டு அது அடைபட்டுப் போனது. "ஏரி வாய் தூந்து போச்சி" என்றார்கள். கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஏரி வற்றியது, மீன் செத்தது. தேசம்மாவின் கூடை வாரத்துக்கு வாரம் இளைத்து, மாசி மாதத்தில் அவள் வருவதே நின்றுவிட்டது.

வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் வாங்கப் போன நைனா, வெறும் வண்டியோடு குப்பத்திலிருந்து திரும்பிய மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கைகால் கழுவிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். சோற்றைத் தொடவில்லை.

"குப்பத்துல உமரிய புடுங்கி வேவ வெச்சித் துன்னுறாங்க" என்றார். உமரி, உப்பு மண்ணில் முளைக்கிற செடி. "மாடு கூட அத மோந்து பாத்துட்டு போயிடும். பசங்க வரிசையா குந்திக்கினு துன்னுது."

அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று மாதத்துத் தம்பி இருந்தான்.

"நம்ம ஊட்ல தெனம் ஒரு படி வேவுது. நாளைலேர்ந்து அரப்படி போதும். மீதி அரப்படி அங்க போவட்டும்."

"கைக்கொயந்த கீதே" என்றாள் அம்மா, மெதுவாக.

"ஏரி வாய் தொறக்கற வரிக்கும்தான். நாம இன்னா செத்தா போயிடுவோம்?"

அன்று சாயங்காலமே நைனா வீடு வீடாகப் போனார். கொஞ்சம் நிலபுலன் உள்ள எட்டு வீடுகள் ஒப்புக்கொண்டன. குப்பத்தில் ஓலைப்பந்தல் போட்டு ஒரு "கஞ்சித் தொட்டி" ஏற்பாடாயிற்று. முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு வண்டி எட்டு வீட்டு அரிசியையும் ஏற்றிக்கொண்டு போகும்.

நைனா ஊரை ஏமாற்றவில்லை, தன்னையும் ஏமாற்றிக்கொள்ளவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். "எல்லாருக்கும் ஒரே அளவு" என்று முதல் நாளே சொன்னார். தனக்கு வைத்ததைத் தின்று தண்ணீர் குடித்து எழுந்துவிடுவார், மறுசோறு கேட்டதில்லை. அவருடைய தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிய ஆரம்பித்தது. ஆனால் அவருக்குத் தெரிந்தது தட்டில் இருக்கும் அளவுதான். பானையில் இருக்கும் அளவு அம்மாவுக்கு மட்டும் தெரியும். நைனா, பத்தாம் வகுப்புப் படித்த அண்ணன், நான் என்று மூன்று தட்டுகளில் ஒரே அளவாகப் போட்ட பிறகு அந்த அரைப்படி உலையில் நான்காவது தட்டுக்கு எதுவும் மிஞ்சாது. "நீ?" என்று கேட்டால், "நான் அப்பவே சாப்ட்டன்" என்பாள். முருங்கைக்கீரையையும் கொள்ளையும் போட்டு அவள் தனக்கென்று எதையோ கொதிக்கவைப்பாள். அதிலும் கொள்ளு எங்களுக்கு வரும், தண்ணீர் அவளுக்குப் போகும்.

பங்குனியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தபோது, அம்மா பின்கட்டில் நின்று அரிசி கழுவிய தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கி, சொம்போடு அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது மாட்டுக்கு ஊத்தற கழுநீருதான?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "வாய மூடுடி. நைனா கிட்ட சொன்ன, தோல உரிச்சிடுவன்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "எட்டு ஊட்டுக்கும் மொதல்ல சொன்னவரு அவருதான். அவரு ஊட்லயே ஒல பத்தலன்னு தெரிஞ்சா எட்டு ஊடும் கைய இஸ்துக்கும். அப்பறம் அங்க கீற கொயந்தைங்க இன்னா பண்ணும்?"

நைனாவின் சொல்லை அவளும் தன் சொல்லாகவே எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு இரகசியத்தைச் சுமக்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

அது கனத்துக்கொண்டே போனது. தம்பி முதலில் வீறிட்டு அழுதான், அப்புறம் முனகினான், அப்புறம் அதுவும் குறைந்தது. எங்கள் கறவை மாடு தீவனமில்லாமல் முன்பே வற்றிப்போயிருந்தது. அம்மா சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்து அவன் வாயில் வைப்பாள். தொட்டிலில் அவன் கிடக்கும்போது சேலை முன்பு போலத் தாழ்ந்து தொங்குவதில்லை. "வெயிலு, அதான் புள்ள வாடிக் கீறான்" என்றார் நைனா. அவர் நம்பித்தான் சொன்னார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டியின் முறை வந்தது. நைனாவோடு நானும் ஏறிக்கொண்டேன். குப்பத்தில் அவர் பெரியவர்களோடு பேசப் போய்விட்டார். நான் பந்தலருகே நின்றேன். பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அரிசிக்கஞ்சி, கொள்ளு கலக்காத வெள்ளைக் கஞ்சி. ஆவி என் முகத்தில் அடித்தது. குழந்தைகள் அலுமினியத் தட்டுகளோடு வரிசையாக உட்கார்ந்தன. ஓரத்தில் ஒரு தட்டு கவிழ்த்துக் கிடந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் உட்கார்ந்துவிட்டேன்.

கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தவள் தேசம்மா. அகப்பையையும் தட்டையும் மட்டுமே பார்த்தபடி ஊற்றிக்கொண்டு போனாள். நாக்குப் பொசுங்கக் குடித்தேன். இரண்டாவது முறை தட்டை நீட்டியபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏய், நீ அக்கா ஊட்டு பொண்ணு இல்ல?"

எழுந்து ஓடப் பார்த்தேன். அவள் இரண்டாவது அகப்பையை ஊற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"பயப்படாத கண்ணு. குடி. குட்ச்சிட்டு சொல்லு. ஒங்க ஊட்ல இன்னா ஆக்குறாங்க?"

குடித்து முடிப்பதற்குள்ளேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொள்ளு, கழுநீர், "அப்பவே சாப்ட்டன்", தம்பியின் முனகல் எல்லாம். சொல்லும்போது அழுகை வரவில்லை. கஞ்சி அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த ருசியை நினைத்து நான் இன்றும் வெட்கப்படுகிறேன். அவள் அகப்பையைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், தன் ஒரு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு மைல் நடந்து எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள் தேசம்மா.

"மீனு ஏது தேசம்மா இப்போ?" என்றாள் அம்மா, குழப்பத்தோடு.

தேசம்மா உள்ளே வந்தாள். தன் பெண்ணை என்னிடம் கொடுத்தாள். நேராகத் தொட்டிலுக்குப் போய்த் தம்பியைத் தூக்கினாள். தூக்கியதும் அவள் கை ஒரு கணம் தயங்கியது, எடை அவ்வளவு குறைவு. முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து அவனை மார்போடு சேர்த்துக்கொண்டாள். முதலில் அவனுக்குச் சப்பத் தெம்பில்லை. அவள் பாலைப் பீய்ச்சி உதட்டில் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்து, அவன் விழுங்குகிற சத்தம் கேட்டது. அம்மா முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

கழனியிலிருந்து வந்த நைனா அதைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார். தேசம்மா சேலையை இழுத்து மூடிக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, நீங்க குடுக்கற கஞ்சிதான் எனுக்குப் பாலா ஊறுது. அத நான் மறக்கல. ஆனா ஒரு வாட்டியாவது ஒங்க ஊட்டுப் பானைய எட்டிப் பாத்தீங்களா?"

நைனா உள்ளே போனார். பானை மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அதில் அண்ணனுக்கென்று எடுத்து வைத்த இரண்டு கைச் சோறும், பக்கத்துச் சட்டியில் கொள்ளுத் தண்ணீரும் இருந்தன.

"நீ இன்னா சாப்ட்ட?" என்று உள்ளிருந்தே கேட்டார். அம்மா சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். "சொல்லு. நேத்து இன்னா சாப்ட்ட?" நான் எட்டிப் பார்த்தபோது, அடுப்பங்கரையில் ஒரு நாளும் உட்காராத நைனா, சாம்பல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க ஊட்டு அரப்படிய நிறுத்திக்கோங்க அண்ணே" என்றாள் தேசம்மா. மறுத்தது அம்மாதான். "குப்பத்துக்குப் போறது போவட்டும். நிறுத்தினா எல்லாம் நின்னுடும்." கடைசியில் நைனா விதை நெல்லில் கை வைத்தார். அதைத் தொடுவது எங்களவர்களுக்குக் குலதெய்வத்தின் உண்டியலை உடைப்பது போல. அந்த வருஷ விதைப்புக்குச் சோழவரத்து மாமாவிடம் போய் அவர் நிற்க வேண்டியிருந்தது.

தேசம்மா தினமும், அரிசி இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் ஏறி வந்து, சாயங்காலம் நடந்தே திரும்பினாள். ஏறக்குறைய ஒரு மாதம். அம்மாவுக்குப் பால் ஊறத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினாள். தம்பி பிழைத்தான்.

ஆனால் வீடு பழையபடி ஆகவில்லை. நைனா தினமும் அம்மாவுக்குத் தன் கையாலேயே முதல் தட்டில் சோறு போட்டு, அவள் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். அம்மா சுவரைப் பார்த்தபடி தின்பாள். "நிக்காதீங்க. தொண்டைல எறங்கல" என்று ஒரு நாள் சொன்னாள். அவர் நகர்ந்து போய் வாசலில் நின்றார்; ஆனாலும் நின்றுகொண்டுதான் இருந்தார். இருவரில் யார்மீது எனக்கு அதிகம் இரக்கம் வந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இரகசியத்தை உடைத்ததற்காக அம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது நானே சொன்னேன்: "நான் அங்க கஞ்சி குட்ச்சன்மா."

அவள் கை நின்றது. "எவ்ளோ?"

"ரெண்டு வாட்டி."

பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினாள். "இத யாரு கிட்டயும் சொல்லாத" என்றாள். என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாளா, நைனாவின் மானத்தையா என்று நான் கேட்கவில்லை.

ஆடி மாதத்தில் பருவம் தப்பிப் பெருமழை பெய்தது. குப்பத்து ஆண்கள் மண்வெட்டிகளோடு போய் மணல்மேட்டில் கால்வாய் வெட்டினார்கள். வெள்ளம் அதைப் பிடித்துக்கொண்டு உடைத்தது. ஏரி வாய் திறந்தது. கஞ்சித் தொட்டி கலைந்தது. முதல் இறால் கூடை எட்டு வீடுகளுக்கும் வந்தது. எவரிடமும் அவர்கள் நெல் வாங்கவில்லை.

பல வருஷம் கழித்து நைனா இறந்தபோது, குப்பமே திரண்டு வந்தது. "ஊருக்குக் கஞ்சி ஊத்தின மவராசன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அது பொய்யில்லை. தேசம்மா மட்டும் பிணத்தருகே நிற்காமல் நேரே உள்ளே வந்து, அம்மாவின் அருகில் உட்கார்ந்து, "எதுனா துன்னியாக்கா?" என்று கேட்டாள். அம்மா அப்போதுதான் அழுதாள்.

அவர்கள் இருவரும் இன்று இல்லை. எங்கள் நிலமும் அந்த எட்டு வீடுகளும் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டன. முருங்கை நின்ற இடத்தில் கம்பெனியின் மதில். அந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில்தான் தம்பி ஓய்வு பெறும் வயதுவரை வேலை பார்த்திருக்கிறான். குப்பத்துக்கு இப்போது தார்ச்சாலை, காரை வீடுகள், மீன் ஏலம் போடக் கொட்டகை. போன மாதம் அங்கே போயிருந்தேன். கயிறு திரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் நைனாவின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று கும்பிட்டார். "அவரு ஊட்டம்மா பேரு இன்னா?" என்று அவரே கேட்டார். அந்தக் கரையில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

கோவிந்தம்மாள் என்று சொன்னேன்.